நெறி காட்டும் கற்கள்
புதுக்கோட்டைப் பகுதியின் மிதிவண்டி வழிகளை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

வரலாற்றுச் சின்னங்களை அரசமரபு வரிசையில் வைத்து ஆராய்தல் நம்மிடையே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கமாகும். புதுக்கோட்டைச் சமத்தானத்துக் கல்வெட்டுகளின் பாடங்களும் அவற்றின் காலவரிசைப் பட்டியலும் 1929 ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்றபொழுது, அவை அரசமரபுகளின்படியே வகுக்கப்பெற்றன. ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகளை ஒருங்கே தொகுத்த அப்பெருமுயற்சிக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். கல்வெட்டின் காலத்தைத் துணியவும், மன்னர் தம் ஆட்சியெல்லையை வரையறுக்கவும் அவ்வகைப்பாடு இன்றியமையாதது. எனினும், ஒரே குன்றில் அருகருகே நிற்கும் இரு கல்வெட்டுகள் அந்நூலில் பல பக்கங்களுக்கு அப்பால் பிரிந்து கிடத்தலையும் காண்கிறோம். பல்லவர் ஆட்சியாண்டு பெற்றது ஓரிடம், சோழர் ஆட்சியாண்டு பெற்றது மற்றோரிடம், பாண்டியர்க்குரியது வேறோரிடம் என அவை சிதறும். காலத்தால் அவை தனித்தனியே விளங்கும். இடத்தால் அவற்றிடையே உள்ள உறவோ மறைந்துபோம்.

இவ்வுறவினை மீட்டறிய ஓர் எளிய வழியுண்டு. சின்னங்களை நூலின் வரிசையிலன்றி வழியின் வரிசையிற் காண்டலே அது. அதற்கு மிதிவண்டியினும் சிறந்த ஊர்தி இல்லை என்பது எம் துணிபு. நடந்து செல்வோர் ஒரு நாளில் ஓர் ஊரையே காணவியலும். உந்துவண்டியிற் செல்வோர் பல ஊர்களைக் காண்பர். ஆனால் ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தைக் காணார். மிதிவண்டியில் செல்வோரோ ஊரையும் காண்பர், இடைநிலத்தையும் காண்பர். ஏரிக்கரை உயர்வதையும், பாறை தலைதூக்குவதையும், செம்மண் சரளைநிலமாக மாறுவதையும் அவர்தம் கால்களே அவர்க்கு உணர்த்தும்.

புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை ஏறத்தாழ 17 கிலோமீட்டர், சித்தன்னவாசல் 16, குடுமியான்மலை 20, கொடும்பாளூர் 36. இந்நான்கிடங்களையும் வழியின் நோக்கிற் கண்டு, அவை நமக்கு உணர்த்தும் ஓருண்மையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நார்த்தாமலை

திருக்கோகர்ணத்தைக் கடந்து வடக்கே திருச்சிராப்பள்ளிச் சாலையில் செல்வோர்க்கு முதற்கண் தோன்றுவன நார்த்தாமலைக் குன்றுகள். அவற்றுள் மேலமலை என்னும் குன்றின்மீது, மேற்கு நோக்கியதும் வட்டவடிவக் கருவறை உடையதுமாகிய ஒரு கற்றளி நிற்கின்றது. அது விசயாலய சோழீச்சரம் என வழங்கும். பெயரை மட்டும் கேட்போர் இது சோழன் எடுத்த கோயில் என்றே கொள்வர். ஆனால் அங்குள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இதனை எடுப்பித்தான் என்றும், மழையினால் இது பழுதுற்றபொழுது மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான் என்றும் கூறுகின்றது. எடுத்தவனும் புதுக்கியவனும் சோழ மன்னர் அல்லர்.

இக்கற்றளிக்கு எதிரே பாறையிற் குடைந்த கோயில்கள் இரண்டு உள. ஒன்று பழியிலீச்சுரம். பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் அதன் கல்வெட்டு, விடேல்விடுகு முத்தரையனின் மகனாகிய சாத்தன் பழியிலி அதனைக் குடைவித்தான் என்றும், அவன் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு மண்டபமும் இடபமும் முதலியன அமைத்தாள் என்றும் உரைக்கின்றது. மற்றொன்று சமணர்குடகு என்று மக்களால் வழங்கப்படுவது. திருமாலின் திருவுருவங்கள் பன்னிரண்டு அதன் உட்சுவரிற் செதுக்கப்பட்டுள்ளன. இதன் பிற்காலப் பெயர் பதினெண்பூமி விண்ணகரம் என்பதாகும்.

இவற்றை மரபு வரிசையில் வைப்பின் பல்லவர், முத்தரையர், சோழர் எனப் பிரிப்போம். வழியின் நோக்கிற் காணின் வேறொன்று புலனாகும். இவ்வூர் சோழர் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்னும் வணிகநகராய் விளங்கியது. அதனை ஆண்டவர் நகரத்தார் என்னும் வணிக அவையினர். நார்த்தாமலை என்னும் பெயரே நகரத்தார் மலை என்பதன் மரூஉ என்பர். பதினெண்பூமி என்பது நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற பெருவணிகக் குழுவினரோடு தொடர்புடைய வழக்கு. ஆகவே, ஆட்சியாண்டு எம்மன்னனுடையதாயினும், இக்குன்றினை நூற்றாண்டுதோறும் பேணி வளர்த்தது வழிச்செல்லும் வணிகத்தின் வளமே என்று கருத இடமுண்டு. மன்னர் மாறினர், வழி மாறவில்லை.

சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் நோக்கிச் செல்லும் வழியிலமைந்தது சித்தன்னவாசல். குன்றினை அணுகும் முன்னரே சாலையின் மருங்கில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் கிடத்தலைக் காணலாம். இவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். விரைந்து செல்வோர்க்கு இவை வெறுங்கற்களாகவே தோன்றும். மிதிவண்டியை நிறுத்தி இறங்கி நோக்கினாலன்றி, அவை ஒரு வட்டமாக அடுக்கப்பெற்றன என்பது புலனாகாது.

குன்றின் மறுபுறத்தே, பாறையில் வெட்டிய ஏழு காற்படிகளின் துணைகொண்டு அடையத்தக்க குகைத்தளம் ஏழடிப்பட்டம் எனப் பெயர்பெற்றது. அங்குப் பதினேழு கற்படுக்கைகள் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரியதன் ஓரத்தே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உளது. அது கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டினை ஒட்டியது என்பர். எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பார்க்குச் சிறுபோசில் இளயர் செய்தளித்த இருக்கை இது என்பதே அதன் கருத்து. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி எனப் பெரும்பாலோர் கொள்வர். காவுடி என்னும் பெயர் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளின் பெயரோடு ஒலியால் நெருங்குதல் கண்டு மகிழ்வாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது என்பதை ஆய்வுமாணவர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

இதே குன்றின் மேற்புறத்தே அமைந்தது அறிவர்கோயில். தாமரைப் பொய்கை ஓவியத்தால் உலகறிந்த இக்குடைவரையின் கல்வெட்டு, அவனிபசேகரன் எனப்பெற்ற சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுத்தான் எனத் தெரிவிக்கின்றது. இது கி.பி. 9 ஆம் நூற்றாண்டின் செய்தி.

இவ்விரு கல்வெட்டுகளுக்கும் இடையே ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு இடைவெளி. ஆயினும் இரண்டிற்கும் பொதுவானதொன்று உண்டு. முன்னதில் படுக்கை பெற்றவர் எருமிநாட்டிலிருந்து வந்தவர். பின்னதில் பணி செய்தவர் மதுரையிலிருந்து வந்தவர். இருவரும் இவ்வூரினர் அல்லர். வழி இருந்தமையால் வந்தனர். வந்தமையால் எழுத்தில் நின்றனர்.

இக்குன்றின் சுனைகளுள் ஒன்றாகிய நாவற்சுனையையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். அச்சுனை நீருக்குள்ளே பாறையிற் குடைந்த ஒரு சிறு சிவன்கோயில் மூழ்கிக் கிடக்கின்றது. நீரை இறைத்தாலன்றி அதனைக் காணவியலாது. சின்னங்கள் அனைத்தும் கண்முன் நிற்கும் என்று எண்ணுவோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

குடுமியான்மலை

பழங்காலத்தே திருநலக்குன்றம் எனப்பெற்ற குடுமியான்மலை, குடுமிநாதர் கோயிலாலும் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளாலும் சிறப்புற்றது. குன்றின் உச்சியை ஒட்டி, விடைமேல் அமர்ந்த இறைவனை நடுவாக வைத்து அறுபத்துமூவர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. எனினும் இவ்வூரின் பெருமை முழுவதும் மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே பாறைமுகத்தில் உள்ள இசைக் கல்வெட்டினையே சாரும்.

ஏழு பண்வகைகளுக்குரிய சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் முப்பத்தெட்டு வரிகளாக அப்பாறையிற் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனும் சிவநெறிச் செல்வனுமாகிய ஓர் அரசன் இவற்றை இயற்றுவித்தான் என்று அதன் இறுதி கூறும். அவ்வரசனை முதலாம் மகேந்திரவர்மன் என முன்னையோர் பலர் கொண்டனர். கல்வெட்டில் அரசன் பெயர் இன்மையாலும் எழுத்தமைதியாலும் அக்கருத்தைப் பின்னையோர் ஏற்றிலர். யார் இயற்றினார் என்னும் வழக்கிலேயே நம் கவனம் முழுதும் சென்றமையால், எதற்காக இயற்றினார் என்பதில் அது போதிய அளவு செல்லவில்லை. கல்வெட்டே அதற்கு விடை கூறுகின்றது. மாணாக்கரின் நலங்கருதியே இச்சுரங்கள் அமைக்கப்பட்டனவாம்.

ஓர் ஆசிரியன் தன் மாணாக்கர்க்கு உரிய பாடத்தை ஓலையில் எழுதித் தன் வீட்டில் வைத்திருக்கலாம். இங்கோ அது சுமார் பதின்மூன்றடிக்குப் பதினான்கடி அளவில், வழிச்செல்வோரும் காணும்வண்ணம் பாறையில் எழுதப்பட்டது. வந்து பயில்வோர் உண்டு என்னும் நம்பிக்கையின்றி இத்துணைப் பெரும்பணியை எவரும் மேற்கொள்ளார். கல்வி நாடி வருவோர்க்கும் இவ்வழியே வழியாய் இருந்தது என்று இதனால் உய்த்துணரலாம்.

கொடும்பாளூர்

இப்பயணத்தின் மேற்கெல்லை கொடும்பாளூர். இருக்குவேளிர் தலைநகராகிய இவ்வூரின் மூவர்கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தன் தேவியராகிய கற்றளி, வரகுணை என்போர் பெயராலும் இம்மூன்றினையும் எடுப்பித்தான் என அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு கூறும். அவன் காலம் 9 ஆம் நூற்றாண்டோ 10 ஆம் நூற்றாண்டோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு நம் பொருளைத் தாக்காது. அவன் எடுத்த மடத்தினை மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு அளித்தான் என்பதும், ஐம்பது துறவியர்க்கு உணவளிக்கப் பதினோரூர்களை அம்மடத்திற்கு வழங்கினான் என்பதுமே ஈண்டு நாம் கருதத்தக்கன. இங்கும் சிறப்புப் பெற்றவர் வெளியூரினர். இங்கும் அவர் வந்தது மதுரையிலிருந்தே.

கொடும்பாளூர் ஏன் இத்தகைய இடமாயிற்று? இதற்கு விடை கல்லில் மட்டுமன்று, காப்பியத்திலும் உளது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், உறந்தையைக் கடந்து மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி கூறுகின்றான். கொடும்பை நெடுங்குளத்தின் கரையை அடைந்தால், அங்கிருந்து மதுரைக்குச் செல்லும் நெறி மூன்றாகப் பிரியும் என்பது அவன் கூற்று. சிவபெருமான் ஏந்திய சூலத்தின் மூவிலையை அதற்கு உவமையாகக் காட்டுவான். கொடும்பை என்பது கொடும்பாளூரே என அறிஞர் கொள்வர். கல்வெட்டுகளிற் பயிலும் கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். நெறிகள் பிரியுமிடத்தே வணிகர் தங்கினர். வணிகர் தங்குமிடத்தே அரசர் கோயிலும் மடமும் எடுத்தனர். இன்றும் திருச்சிராப்பள்ளி–மதுரை நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டியே செல்லுகின்றது.

ஆயினும் ஒரு வரையறையை ஈண்டுக் கூறுதல் எம் கடன். இன்றைய தார்ச்சாலைகள் யாவும் பழைய பெருவழிகளின் மீதே அமைந்தன என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவதற்குத் தனிச்சான்றுகள் வேண்டும். ஊர்களின் இருப்பும் அவற்றிடைத் தொலைவும் குன்றும் நீர்நிலையும் மாறாதன ஆதலின், அவற்றின் உறவை வழியின் நோக்கில் ஆராயலாம் என்பதே எம் கருத்து. வெவ்வேறு காலத்தனவாகிய மூன்று கல்வெட்டுகள், எருமிநாட்டார் ஒருவரையும் மதுரையார் இருவரையும் போற்றுகின்றன. இவ்வொற்றுமை அரசமரபு வரிசையில் தென்படாது. வழியின் வரிசையில் உடனே தென்படும்.

ஏரிக்கரைச் சின்னங்கள்

மேற்கூறிய நான்கிடங்களும் பெயர்பெற்றவை. இவற்றிடையே பெயர்பெறாதனவும் பல. அவற்றுள் தலையாயது குமிழித்தூம்பு. இப்பகுதி ஆற்றுவளம் குறைந்தது, ஏரிகளாலேயே வாழ்வது. ஏரியின் உட்புறத்தே இரு கற்றூண்கள் குறுக்குக்கற்களால் இணைக்கப்பெற்று நிற்றலைக் காணலாம். அவற்றின் அடியில் கற்றொட்டி ஒன்று புதைந்திருக்கும். தொட்டியின் மேலமைந்த துளை நீரோடி எனப்படும். கீழமைந்தவை சேறோடி எனப்படும். மேற்றுளையை மூடிய கல்லைத் தூக்கினால், தெளிந்த நீரோடு அடிப்படிந்த சேறும் நீரோட்டத்தின் ஈர்ப்பால் வெளியேறி வயலை அடையும். ஏரி தூர்ந்துபோகாமற் காக்கும் இவ்வமைப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. இத்தூண்கள் சிலவற்றில் தூம்பு நட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

கோயிலுக்கு மதிற்சுவர் உண்டு; காவலர் உண்டு; பாதுகாக்கப்பெற்ற சின்னம் என்னும் பலகையும் உண்டு. குமிழித்தூம்பிற்கும் சாலையோரக் கல்வட்டத்திற்கும் தனித்து நிற்கும் நடுகல்லுக்கும் அவை பெரும்பாலும் இல்லை. சாலை அகலுங்கால் முதலிற் பெயர்க்கப்படுவன இவையே. குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படுங்கால், படுக்கையும் எழுத்தும் உள்ள பாறை எது, அவை அற்ற பாறை எது என்று ஆராய்வோர் முன்கூட்டியே அங்குச் சென்றிருத்தல் வேண்டும். உடைந்தபின் செல்வதால் பயனில்லை. ஒரு கோயில் அழியின் ஊர் அறியும். ஒரு தூம்புக்கல் அழியின் அறிவார் யார்? அது அழியுங்கால் ஏரியை வெட்டியவனின் பெயரும், நீரை ஆண்ட முறையும், அவ்வூரின் பழம்பெயரும் ஒருங்கே அழிகின்றன.

இன்னும் படிக்கப்பெறாத கற்கள் இப்பகுதியில் உள என்பதற்கு ஐயமில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டை பழங்கோட்டைப் பகுதியாய்க் கிடந்து, 2023 ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வினைப் பெற்றது. அது நகருக்கு மிக அண்மையில், மிதிவண்டியில் ஒரு காலைப்பொழுதிற் சென்று மீளும் தொலைவிலேயே உள்ளது.

மிதிவண்டியும் எழுத்தும்

இப்பகுதியில் மிதிவண்டியைப் பற்றிப் பேசுவோர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. 1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சிற்றூர் மகளிர்க்கு அளித்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் சீலாராணி சுங்கத் அம்மையார். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மகளிர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். உழவுத்தொழில் செய்வோரும் கல்லுடைப்போரும் அவருள் அடங்குவர். கல்லுடைக்கும் மகளிர் தாமே குழுக்களாய்க் கூடிக் கற்குழிகளைக் குத்தகை எடுத்து நடத்தியதும் அக்காலத்து நிகழ்ச்சியே.

இச்செய்தி வரலாற்றாய்வுக்கு எங்ஙனம் உரித்தாகும் என வினவலாம். உரித்தாகும் என்பதே எம் விடை. தன் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குத் தன் விருப்பப்படி செல்லும் உரிமை, நெடுங்காலம் வணிகர்க்கும் துறவியர்க்கும் ஆசிரியர்க்குமே இருந்தது. அவர்களே இக்குன்றுகளில் பெயர் பெற்றனர். இவ்வழிகளிலேயே விறகும் நீரும் சுமந்து நடந்த மகளிர்க்கு அவ்வுரிமை கிட்டிற்றிலது. பழியிலி சிறியநங்கை போன்ற சிலர் பெயரே கல்லேறியது. எழுத்தும் வழியும் ஒருங்கே பெற்ற அம்மகளிர், இவ்வழிகளின் நெடுவரலாற்றில் ஒரு புதிய அதிகாரத்தைத் தொடங்கினர் என்று கூறுதல் மிகையாகாது. கல்லுடைத்து வாழ்வோர் கல்லின் பகைவர் என்று கருதுதலும் பிழையாம். எப்பாறை எவ்வாறு பிளக்கும், எப்பாறையில் பழைய உளிவடு உளது என்பதை அவரே நன்கறிவர். அவரைக் கேளாது இக்குன்றுகளின் சின்னங்களைக் கணக்கெடுத்தல் அரைகுறைப் பணியாகவே முடியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. புதுக்கோட்டைப் பகுதியின் பெருஞ்சின்னங்கள் அரசரின் அடையாளங்கள் மட்டுமல்ல. வழியின் அடையாளங்களும் ஆம். அவற்றை இணைக்கும் இடைநிலத்துச் சிறுசின்னங்கள் இன்றேல், அவ்வழியின் வரலாறு தொடர்பற்றுப்போகும். பெருஞ்சின்னங்களுக்குக் காவல் உண்டு. சிறுசின்னங்களுக்கு நம் கண்ணே காவல்.

ஆதலின் முதுகலை மாணவர்க்கு யாம் ஒன்று வேண்டுகின்றோம். ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து மிதிவண்டியில் ஒருநாட் சென்று மீளத்தக்க எல்லையைத் தமக்குரிய ஆய்வுக்களமாகக் கொள்க. கண்ட கல் ஒவ்வொன்றையும் அதன் காலத்தால் மட்டுமன்றி, அருகிலுள்ள நீர்நிலை எது, எவ்வழி அதனை ஒட்டிச் செல்கின்றது, ஊரார் அதனை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றாலும் குறித்துவைக்க. எழுத்தைத் தெளிவாக்கும் எண்ணத்தோடு சுண்ணமோ வண்ணமோ பூசற்க. கல்லை இடம்பெயர்த்து எடுத்துச் செல்லற்க. இடம்பெயர்ந்த கல் தன் பொருளிற் பாதியை இழந்துவிடும். கண்டதைத் தொல்லியல் துறையினர்க்கும் அவ்வூரார்க்கும் ஒருங்கே அறிவிக்க.

ஏழடிப்பட்டத்தில் இருக்கை செய்தளித்த இளயர், வழிவந்த ஒருவர்க்குத் தங்குமிடம் தந்தனர். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அவ்விருக்கை உளது. தந்தவர் ஊரும் பெற்றவர் ஊரும் அதில் எழுதப்பட்டுள்ளன. நமக்குப் பின் அவ்வழியே வருவோர்க்கு அக்கல்லும் அதனைச் சூழ்ந்த பெயரில்லாக் கற்களும் எஞ்சுமாறு செய்தல் நம் தலைமுறையின் கடனாகும்.